தவக்காலத்து முதுகுகள்

வருடத்தில் ஒரு பருவத்துக்கு அவர் யாருடைய முகத்தையும் வரையமாட்டார்.

விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோவிலை விட்டு வெளியே வந்தாரென்றால், ஈஸ்டர் பூசை முடியும்வரை அவருடைய கார்ட்டூன்களில் எல்லோரும் நமக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார்கள். மந்திரி, கலெக்டர், ரேஷன் கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. மற்ற கத்தோலிக்கர்கள் இந்த நாற்பது நாள் தவக்காலத்தில் கறியை விடுவார்கள். பீடியை விட்டவர்களையும் சீரியலை விட்ட ஒரு அம்மாளையும் எனக்குத் தெரியும். இவர் முகங்களை விட்டார்.

வேடிக்கை என்னவென்றால், முதுகை வைத்தே ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு மந்திரிக்கு வழுக்கையை மறைக்கப் பக்கத்திலிருந்து இழுத்துவிட்ட முடி. இன்னொருவருக்கு வேட்டியை மடித்துக் கட்டும்போது ஒரு பக்கம் மட்டும் ஏறிப்போகும் கரை. வேறொருவருக்குப் பின்னாலிருந்து பார்த்தாலும் தெரிகிற கன்னம். ஒருமுறை ஒரு பஞ்சாயத்துத் தலைவர் எங்கள் வார இதழைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"எம்மூஞ்சிய வரைஞ்சிருந்தா கேசு போட்டிருப்பனுங். முதுகுக்கு எப்படிங் கேசு போடறது? வக்கீலே சிரிக்கறாருங்."

எடிட்டர் ஃபாதர் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். கோபம் டீயோடு இறங்கியது. போகும்போது தலைவர் வாசலில் நின்று, "நெசமாலுமே என்ற முதுகு அப்படியாங் இருக்குது?" என்று என்னைக் கேட்டுவிட்டுத் திரும்பி நின்று காட்டினார். அப்படியேதான் இருந்தது. "இல்லீங்" என்றேன்.

நான் கத்தோலிக்கப் பெண் இல்லை. வடகரப்பதியில் தென்னந்தோப்பும் கொஞ்சம் கடலைக்காடும் வைத்திருக்கிற குடும்பம் எங்களுடையது. கோயம்புத்தூரில் இதழியல் படித்துவிட்டு, படித்த சூடு ஆறுவதற்குள் ஏதாவது ஒரு பத்திரிகையில் உட்கார்ந்தே தீருவது என்று அலைந்தபோது கிடைத்த முதல் வேலை, எல்லையோரத் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக வந்துகொண்டிருந்த ஒரு வார இதழில். ஆசிரியர் ஒரு பாதிரியார். அவரைத்தான் எடிட்டர் ஃபாதர் என்போம். பிழை திருத்துவது, பக்கம் கட்டுவது, முகநூலில் போடுவது எல்லாம் நான். சனிக்கிழமை சாயங்காலம் கார்ட்டூனை வாங்கி வருவதும் நான்தான். அவர் செல்போனில் படம் பிடித்து அனுப்பினால் அவருடைய கையின் நிழலும் சேர்ந்து விழும். மந்திரியின் தலைக்கு மேலே அது ஏதோ பெரிய பறவை மாதிரி இருக்கும். என் பஸ் வேலந்தாவளம் வழியாகப் போகிறது, அவர் வீடும் வேலந்தாவளத்தில். அதனால் காகிதத்தையே வாங்கி வந்து ஸ்கேன் செய்துகொள்ளலாம் என்று முடிவானது. இப்போது நான் கொச்சியில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் மட்டும் கை எதையோ தேடும், சுருட்டாத ஒரு காகிதத்தை மடியில் வைத்துக்கொள்ள.

முகத்தை வரைவது அவருக்குப் பாவம். இதை அவர் தமாஷாகச் சொல்லவில்லை.

"கடவுளு அளவா வெச்ச மூக்க நான் முழ நீளம் பண்றேன் அம்மிணி. பண்ணீட்டு ஊரையே கூப்பிட்டுச் சிரிக்கச் சொல்றேன். இது பாவமில்லாம புண்ணியமா?"

"அப்ப விட்டறலாமில்லீங் சார்?"

"விட்டுட்டு? சோத்துக்கு உங்கூட்டுக்கு வர்றதா?"

ஆகவே வரைவார். வரைந்த வாரத்தின் சனிக்கிழமை சாயங்காலம், கார்ட்டூனை என் கையில் கொடுத்துவிட்டு, கோவிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வார். முகத்துக்கு ஒரு பாவம். கோயம்புத்தூர் நாளிதழுக்கு அன்றாடம் ஒரு சின்னக் கார்ட்டூன், எங்களுக்கு வாரம் ஒன்று. கோவில் வாசலில்தான் என் பஸ் நிற்கும். அவர் திரும்பி வெளியே வரும்போது பெரும்பாலும் நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். "இந்த வாரம் எத்தனைங் சார்?" என்பேன். "நாலு. அதுல ஒருத்தன் ரெண்டு தடவ" என்பார். தலைக்குப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்புவாராம் பங்குச்சாமி. "எல்லாம் வெல ஏறுது, இது மட்டும் அப்படியே நிக்குது."

எடிட்டர் ஃபாதரிடமே பாவசங்கீர்த்தனம் செய்யலாமே, பக்கத்திலேயே இருக்கிறாரே என்று ஒருமுறை கேட்டேன். "அவருகிட்டச் சொன்னா எடிட் பண்ணீருவாரு" என்றார்.

அந்தப் பங்குச்சாமியையே ஒருமுறை வரைந்துவிட்டார். திருவிழா சிறப்பிதழுக்காக. காது மட்டும் முறம் மாதிரி. அந்தச் சனிக்கிழமை முழங்காலிட்டபோது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என் காது அவ்வளவு பெருசாவா இருக்கு?" என்று சாமி கேட்டாராம். "காது பெருசா இருந்தாத்தானுங் சாமி ஊருப் பாவம் பூராக் கேக்கும்" என்று இவர் சொன்னாராம். அதற்கும் பத்துதான்.

முதுகுகள் எங்கிருந்து வந்தன என்பதை அவருடைய மனைவிதான் எனக்குச் சொன்னார். நான் அவரை அம்மா என்று கூப்பிட்டபோது, "அக்கான்னு கூப்பிடு தாயி, எனக்கென்ன வயசாயிட்டு?" என்று திருத்திவிட்டார். தேவிகுளத்துப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொளுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர். அக்காவின் கணவர் இளவயதில் அந்த எஸ்டேட் கோவிலின் சுவரில் சிலுவைப்பாதைப் படங்கள் வரையப் போயிருக்கிறார். இயேசுவுக்குத் தீர்ப்பு எழுதும் பிலாத்துவின் முகம், வேண்டுமென்றோ வேண்டாமலோ, எஸ்டேட் பெரிய துரையின் முகமாக வந்துவிட்டது. சாரத்துக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, கோவில் பக்கமே வராத ஆட்களெல்லாம் வர ஆரம்பித்தார்கள். சாமியார் பயந்துபோய் அழிக்கச் சொன்னார். இவர் அழிக்காமல், பிலாத்துவைத் திருப்பி நிற்க வைத்துவிட்டார். கை கழுவுகிற தண்ணீர் மட்டும் தெரியும், ஆள் முதுகுதான். அந்த முதுகையும் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதைப் பார்க்கத்தான் அப்போதிருந்த எங்கள் இதழின் ஆசிரியர் மலையேறிப் போனார், போனவர் இவரையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். இவருடைய பத்திரிகைத் தொழில் தொடங்கியது அப்படி.

"ஒரு மாசம் இவுக சுவத்தப் பாத்து வரைஞ்சுக்கிட்டே இருந்தாக. நாங்க கீழ உக்காந்து செபம் சொல்லுத மாதிரி இவுக முதுகத்தான் பாத்தோம்" என்றார் அக்கா. "நல்ல முதுகு. அப்புறம் ஒரு நாளு திரும்புனாக. அன்னைக்கே நான் யோசிச்சிருக்கணும்."

அவர் உள்ளே மசியைக் கலக்கிக்கொண்டிருந்தார். "கேக்குது" என்றார்.

"கேக்கட்டும்னுதான்."

இந்த அக்காவை அவர் வரைந்ததே இல்லை. புனிதர்களை வரைந்தார், பாவிகளை வரைந்தார், சிறுவர் பக்கத்துக்கு யோனாவையும் மீனையும் வரைந்தார். எங்கள் ஆபீஸ் பூனையைக்கூட வரைந்தார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். குழம்புக்குப் புளி கேட்கிற மாதிரி, சாதாரணமாக. "என்னைய ஒருக்கா வரைங்களேன்."

"என்ற கைக்கு நேரா வரையத் தெரியாது. எதாச்சும் ஒண்ணப் பெருசு பண்ணிப்போடும். அப்பறம் உன்னையப் போயி சனிக்கெழம சொல்லோணும்."

"சொல்லிக்கிடுங்க. எத்தன மந்திரிக்குச் சொல்லுதீக, பொஞ்சாதிக்கு ஒரு நாளு சொன்னா என்ன?"

அவர் சிரிப்பார். விஷயம் அத்தோடு முடியும். அடுத்த மாதம் மறுபடி வரும்.

வேலந்தாவளத்து மாட்டுச்சந்தைக்கு அவர் தவறாமல் போவார். தவக்காலத்தில் கண்டிப்பாக. கையில் அட்டை வைத்துக்கொண்டு மாடுகளின் முகங்களாக வரைவார். "மாடு வருத்தப்படாது, கேசும் போடாது" என்பார். ஒருநாள் நானும் போனேன். யூடியூபுக்கு ஒரு வீடியோ எடுக்கலாம் என்று எனக்கு ஒரு துடிப்பு. அங்கே தரகர்கள் விலை பேசுவதைக் காட்டினார். இரண்டு பேர் கையைக் கோர்த்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்கிறார்கள். துண்டுக்கு உள்ளே விரல்கள் பேசுகின்றன. இத்தனை விரலைப் பிடித்தால் இன்ன விலை. முகம் இரண்டும் வேறு எங்கேயோ பார்க்கின்றன. ஒருவர் கொட்டாவி விடுகிறார். உள்ளே ஒரு சோடி மாட்டின் தலையெழுத்து போய்க்கொண்டிருக்கிறது.

"இவிய மூஞ்சிய மட்டும் என்னால வரைய முடியாது அம்மிணி" என்றார். "பெருசு பண்றதுக்கு அதுல ஒண்ணுமே இருக்காது. எல்லாத்தையும் துண்டுக்குள்ள வெச்சிருக்கறான்."

நான் எடுத்த வீடியோவும் அப்படித்தான் வந்தது. இரண்டு முகம், ஒரு துண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது மழைக்காலத்தில். கிறிஸ்துமஸுக்குள் பாதி ஆளாகிவிட்டார். கோயம்புத்தூரில் பார்த்தார்கள், திருச்சூரில் பார்த்தார்கள், பிறகு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். முன்னறையில், அவர் வரைகிற மேசைக்குப் பக்கத்தில் கட்டில் வந்தது. கார்ட்டூன் ஒரு நாளும் நிற்கவில்லை. மேசையில் மந்திரி சிரித்துக்கொண்டிருப்பார், கட்டிலில் அக்கா முனகிக்கொண்டிருப்பார், அவர் நடுவில் உட்கார்ந்து மந்திரிக்குப் பல் வரைந்துகொண்டிருப்பார். நான் போனால் மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்துப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

விபூதிப் புதனுக்கு முந்தைய சனிக்கிழமை அக்கா மறுபடி கேட்டார். இந்த முறை புளி கேட்கிற குரல் இல்லை.

"என்னைய வரைங்க. நான் போறதுக்குள்ள எம்மூஞ்சி உங்க கையில எப்படி வருதுன்னு ஒருக்காப் பாத்துக்கிடுதேன்."

"நாளைக்கு வரையறேன்" என்றார். மறுநாள் வலி கூடி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கேயே நாலு நாள் போய்விட்டது. திரும்பி வந்தபோது அவர் நெற்றியில் சாம்பல் விழுந்திருந்தது, தவக்காலம் தொடங்கிவிட்டது.

"ஈஸ்டருக்கு வரையறேன்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். "ஈஸ்டரு எப்போ வருது தாயி?"

நான் செல்போனைப் பார்த்துத் தேதியைச் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. வாசலுக்கு வந்ததும் அவரிடம், "நீங்க உங்களுக்கே போட்டுக்கிட்ட சட்டம்தானுங் சார், நீங்களே எடுத்துக்கலாமில்லீங்?" என்றேன். அவர் ரோட்டைப் பார்த்தார். சந்தைத் தரகர் முகம். இரண்டு வாரம் இதையே மாற்றி மாற்றிக் கேட்டேன். அதே முகம். கடைசியில் நேராகப் போய் எடிட்டர் ஃபாதரிடம் சொன்னேன். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார்.

"தவக்கால விரதம், ஒறுத்தல் எல்லாம் நல்லதுதான். நோயாளி கேக்கறத விட அது பெருசில்ல" என்றார் ஃபாதர். "வரைங்க. பாவம்னு ஒண்ணு இருந்தா அது என் கணக்குல இருக்கட்டும்."

அவர் தலையாட்டினார். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அக்கா பச்சைச் சேலை கட்டித் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் பவுடர். பக்கத்து வீட்டுப் பெண் தலை வாரிவிட்டிருந்தாள். அவர் எதிரே முக்காலியில், மடியில் அட்டை. பேனாவில் மசி தொட்டார். பார்த்தார். அக்கா முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மசி பேனா நுனியில் காய்ந்தது. மறுபடி தொட்டார். மறுபடி காய்ந்தது.

"கழுத்து வலிக்கி" என்றார் அக்கா.

அவர் எழுந்து தண்ணீர் கொண்டுவருகிற மாதிரி சமையல்கட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். குரலில் ஏற்றம் இறக்கம் ஒன்றும் இல்லை. நாளிதழுக்குப் போனில் தலைப்புச் சொல்லும்போது இருக்குமே, அந்தக் குரல்.

"கன்னத்து எலும்பு, பல்லு, கண்ணு. நான் பெருசு பண்றதுக்கு எதையும் பாக்கி வெக்கல அம்மிணி. எல்லாத்தையும் அந்த நோவே எனக்கு முன்னாடி வரைஞ்சுபோட்டுது. இப்ப உள்ளத உள்ளபடி வரைஞ்சாலே அது கார்ட்டூன்தான்."

நான் சொம்பை வாங்கித் தண்ணீர் மொண்டேன்.

அவர் திரும்பப் போய், "ஜன்னலப் பாத்துத் திரும்பி உக்காரு" என்றார். நான் அக்காவின் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினேன். எலும்பு என் உள்ளங்கையில் இடறியது. அதற்குப் பிறகு பேனா நிற்கவே இல்லை. கொண்டையில் அடங்காத முடி, கழுத்துக்குழி, ரவிக்கையின் விளிம்பு, ஒரு தோள் கொஞ்சம் தாழ்ந்து இன்னொன்று ஏறின அந்த உட்காரும் விதம். கொளுந்துக்கூடை தொங்கின தோள்தான் தாழ்ந்தது என்று நினைக்கிறேன். கால் மணி நேரம் ஆகியிருக்காது. எதுவும் பெரிதாக இல்லை. அவர் கையிலிருந்து அளவாக வந்த படம் அது ஒன்றைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன, கழுத்துல மசி சிந்திட்டா?"

"மச்சம்" என்றார் அவர்.

"எனக்கா? பிடரியில மச்சமா?" கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார். எட்டவில்லை. நான் அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். "ஏங்க, இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லலியே."

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எப்படித் தெரியும்? நான் என்ன என் பொறத்தாலயா நடக்கேன்?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. அடங்கியதும் படத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். "நல்லாருக்கு. மூஞ்சிய ஈஸ்டருக்கு வரைங்க."

"சரி" என்றார்.

குருத்தோலை ஞாயிறன்று யாரோ கோவிலிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் செருகிய ஓலை, இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை அக்கா போய்விட்டார். புனித வாரம், அதனால் மறுநாளே அடக்கம். மலையிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் அழுதார்கள். எடிட்டர் ஃபாதர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவின் பெட்டிக்குத் தலைமாட்டில் அவர் மட்டும் அழாமல் நின்றார். தோளில் கிடந்த துண்டு முன்னால் சரிந்து வலது கையை மூடியிருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை, பெரிது பண்ண ஒன்றுமே இல்லை. துண்டு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. உள்ளே விரல்கள் எதையோ கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தன. அது நின்றது குழியில் முதல் பிடி மண் விழுந்தபோது.

பெரிய வெள்ளிக்கு எங்கள் இதழின் அட்டை எப்போதும் போல அவர் படம். சிலுவை சுமந்து போகும் இயேசு, பின்னாலிருந்து. வருடா வருடம் அப்படித்தான் வரும், வாசகர்கள் அதை ஒரு பக்தி என்று நினைத்திருந்தார்கள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் நாளிதழுக்கு அவர் வரையவில்லை; எங்கள் கார்ட்டூனில் மட்டும் முகம் திரும்ப வந்தது. ஒரு மந்திரி, பலாப்பழ மூக்கு. ஆபீஸில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் கவனித்தேன், மூக்கு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. காகிதத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு.

அது சனிக்கிழமைதான்; அந்த வாரம் படத்தை அவர் காலையிலேயே பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருந்தார். படத்தை ஸ்கேன் செய்து முடித்து, மாலையில் ஊருக்குப் போகும் வழியில் நான் வேலந்தாவளத்தில் இறங்கி, கோவில் வாசலில் நின்றேன். அவர் வெளியே வந்தார். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வாய் தானாக அதையே கேட்டது.

"இந்த வாரம் எத்தனைங் சார்?"

"ரெண்டு" என்றார்.

"ஒண்ணுதானுங் வந்துது?"

"ஒண்ணு வரைஞ்சது. இன்னொண்ணு வரையாதது."

ரோட்டில் மாட்டு வண்டி ஒன்று கடந்து போகட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.

"சாமி என்ன சொன்னாருங்?"

"பத்து."

"ரெண்டுக்குமா?"

"ஒண்ணொண்ணுக்கும் பத்து" என்றார், சந்தையில் படிந்த விலையைச் சொல்கிற மாதிரி. "மந்திரி மூக்குக்கும் பத்து, அதுக்கும் பத்து. அவ்வளவுதானான்னு கேட்டேன். அவ்வளவுதான்னாரு."

என் பஸ் வந்தது. நான் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அவர் முன்னால் ரோட்டோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். ஊர்க்கூட்டத்தில் விட்டாலும் அந்த முதுகை நான் கண்டுபிடித்துவிடுவேன். துண்டு வலது கை மேல் கிடந்தது. பஸ் அவரைத் தாண்டியது. அப்போது நான் தலையைத் திருப்பியிருந்தால் அவர் முகம் தெரிந்திருக்கும். நான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.